ஓரியின் அம்பும் ரூஸ்வெல்ட்டின் துப்பாக்கியும்

நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் பிடித்து ஜன்னலோரமாக உட்காருங்கள். கொஞ்ச நேரத்துக்கு ரெண்டு பக்கமும் கோழிப் பண்ணைதான். நீள நீளமாகக் கொட்டகைகள், கூடவே அந்த வாசனை. அது பழகி மூக்கு மரத்துப் போகிற நேரத்தில் எருமப்பட்டி வந்துவிடும். இறங்கி நிமிர்ந்தால் கொல்லிமலை.

வல்வில் ஓரியின் மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒரே ஒரு அம்பு விட்டான். அது யானையைச் சாய்த்தது. யானையைத் துளைத்து வெளியே வந்து, வாயைப் பிளந்து நின்ற புலியைக் கொன்றது. அப்புறம் ஒரு மான். அதற்கப்புறம் காட்டுப்பன்றி. கடைசியாகப் புற்றில் கிடந்த உடும்பின்மேல் போய்க் குத்தி நின்றது. சொன்னவர் வன்பரணர். புறநானூறு, 152-ஆவது பாட்டு.

என் சித்தப்பா எருமப்பட்டியில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். போன தடவை போயிருந்தபோது இந்தப் பாட்டைப் பெருமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு வெற்றிலையை மென்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

‘‘அது சரிடா தம்பி. ஆனைக்கு விட்ட அம்பை எதுக்கு மான்மேல பட விட்டான்?’’

கவிதையை இப்படியெல்லாம் கேட்கலாமா என்று தோன்றியது. ஆனால் சித்தப்பா துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தவர். அவருக்கு அது கவிதை இல்லை, கணக்கு. பி.காம். படித்த எனக்கும் கணக்கென்றால் ஒரு சபலம் உண்டு. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது ஆப்பிரிக்கா வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

*

தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் இன்றைக்கும் காசு கட்டி, சட்டப்படி வேட்டையாடலாம். சரியா தப்பா என்பது தனிச் சண்டை, இங்கே வேண்டாம். அங்கே யானை, சிங்கம், காட்டெருமையெல்லாம் ஒரு வகை. திருப்பித் தாக்குகிற ஜாதி. இன்னொன்று, சமவெளி விலங்குகள். புல்வெளியிலும் முள்காட்டிலும் மேய்கிற மான் கூட்டங்கள். இம்பாலா, குடு, வில்டபீஸ்ட், ஈலண்ட்.

இரண்டாவது வகைக்கு எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா? நூறு வருஷத்துக்கு மேலாக வேட்டைக்காரர்கள் உட்கார்ந்து அடித்துக்கொள்கிற கேள்வி இது. மான்தானே, எதில் சுட்டால் என்ன என்று நினைத்தால் தப்பு.

முதல் பிரச்னை எடை. ஸ்டீன்பாக் என்கிற குட்டி மான் பத்து, பன்னிரண்டு கிலோ. நம்ம ஊர் வெள்ளாட்டில் பாதி. இம்பாலா ஐம்பது, அறுபது. குடு ஆண் இருநூற்றைம்பது. ஈலண்ட் என்றொன்று இருக்கிறது. மான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பெரிய ஆண் எழுநூறு கிலோவைத் தாண்டும். காங்கேயம் காளையை விடப் பெரிசு. இத்தனையும் ஒரே நாளில், ஒரே வெளியில் எதிரே வரலாம். கையில் ஒரு துப்பாக்கிதான் இருக்கும்.

இரண்டாவது பிரச்னை தூரம். ஒதுங்கி நிற்க ஒரு மரம் இல்லாத வெட்டவெளி. நூறு மீட்டருக்குள் எதுவும் அண்ட விடாது. நூற்றைம்பது, இருநூறு மீட்டரில்தான் சுட வேண்டும். தோட்டா நேர்க்கோட்டில் போகும் என்று சினிமா பார்த்து நம்பிக்கொண்டிருக்கிறோம். போகாது. குழாயை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து அது கீழே விழுந்துகொண்டேதான் போகிறது. மெதுவாகப் போனால் அதிகம் விழும். வேகமாகப் போனால் கொஞ்சம் விழும்.

மூன்றாவது பிரச்னைதான் சித்தப்பா கேட்டது. தோட்டா எங்கே போய் நிற்க வேண்டும்?

முழுக்கச் செம்பு, எஃகு உறை போட்ட தோட்டா உருக்குலையாது. எலும்பைத் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். யானை மண்டைக்கு அதுதான் வேண்டும். மானுக்கு ஆகாது. இந்தப் பக்கம் சின்ன ஓட்டை, அந்தப் பக்கம் சின்ன ஓட்டை, மான் ஓடிப் போய் எங்கேயோ புதரில் கிடந்து சாகும். அதோடு போச்சா? பின்னால் நிற்கிற மானையும் துளைக்கும். மானுக்கு வேண்டியது மூக்கில் ஈயம் தெரிகிற தோட்டா. உள்ளே போனதும் காளான் மாதிரி விரிந்து, வேகத்தையெல்லாம் அங்கேயே இறக்கி வைத்துவிடும். அதிலும் ஒரு சிக்கல். வேகம் அதிகமாக இருந்தால் தோல், சதையிலேயே சிதறிவிடும். நெஞ்சுக்குப் போகாது. மேலே பெரிய புண், உள்ளே உயிர்.

ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று விழுகிறது. எடையைக் கூட்டினால் அடி பலம், தூரம் போச்சு. வேகத்தைக் கூட்டினால் தூரம் கிடைக்கும், தோட்டா உடையும். ரெண்டையும் கூட்டினால் தோள்பட்டையில் விழுகிற உதை தாங்காது. உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவன் சுட்டால் எது எங்கே படும் என்று கடவுளுக்கே தெரியாது.

அந்த ஊர்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் போதும், விலங்கு தப்பி ஓடினாலும் பில் போட்டுவிடுவார்கள். நம்ம ஓரியை இன்றைக்கு நமீபியாவில் கொண்டுபோய் விட்டால், ஒரு அம்புக்கு ஐந்து பில்.

*

இந்தக் கணக்குக்கு முதலில் நல்ல விடை கண்டுபிடித்தவர்கள் வேட்டைக்காரர்கள் இல்லை. விவசாயிகள்.

தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சத்து போயர்கள். பண்ணையும் மாடும் துப்பாக்கியும்தான் வாழ்க்கை. மான் கறி அவர்களுக்கு விருந்து இல்லை, தினப்படிச் சாப்பாடு. 1895-ன் கடைசியில் அவர்கள் நாட்டுக்குள் ஜேம்சன் என்கிற ஆள் ஒரு படையோடு நுழைந்து மாட்டிக்கொண்டார். பின்னால் பிரிட்டிஷ் கை. இது இத்தோடு நிற்காது என்று போயர் அரசாங்கத்துக்குப் புரிந்துபோயிற்று. ஜெர்மனிக்கு ஆர்டர் போனது. முப்பதாயிரத்துக்கும் மேல் மவுசர் துப்பாக்கிகள். குழாயின் குறுக்களவு 7 மில்லிமீட்டர். தோட்டாவின் கூடு நீளம் 57.

மெல்லிசான, நீளமான தோட்டா. உதை குறைவு. வேகம் அதிகம். துப்பாக்கியின் வாயில் புகை வராது, அதனால் சுட்டவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. சின்ன வயசிலிருந்து ஸ்பிரிங்பாக் மானை இருநூறு மீட்டரில் சுட்டுப் பழகிய கைக்கு இது போதும். 1899-ல் யுத்தம் வந்தபோது அந்தக் கைகளுக்கு எதிரே மான்கள் இல்லை. பிரிட்டிஷ் சிப்பாய்கள் வரிசையாக வந்தார்கள்.

1900 ஜனவரி. ஸ்பியான் காப் என்கிற குன்று. பிரிட்டிஷார் இருட்டில் ஏறி உச்சியைப் பிடித்துவிட்டார்கள். பனிமூட்டம் விலகியதும்தான் தெரிந்தது, சுற்றியிருந்த மேடுகளெல்லாம் போயர் கையில். பீரங்கியும் மவுசரும் சேர்ந்து அடித்ததில் இருநூறுக்கும் மேல் செத்தார்கள். காயம் பட்டவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம்.

இங்கேதான் நாம் உள்ளே வருகிறோம்.

காயம் பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்து வந்தவர்களில், காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படையும் இருந்தது. சுமார் 1,100 பேர். பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். நேட்டாலுக்கு முதல் கப்பல் 1860-ல் போனதே மதராஸிலிருந்துதான். படையில் தமிழர்களுக்குக் குறைச்சல் இல்லை. சில நாட்களில் இருபது மைலுக்கு மேல் தோளில் சுமந்து நடந்தார்கள். மவுசர் தோட்டா மனித உடம்பில் என்ன செய்யும் என்பதைக் கிட்ட இருந்து பார்த்த முதல் தமிழர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

பிரிட்டிஷ் ராணுவம் பாடம் படித்துக்கொண்டது. மவுசரைப் பார்த்து, 276 என்கிற அளவில் தானும் ஒன்று செய்ய ஆரம்பித்தது. 1914-ல் உலக யுத்தம் வந்து அதைக் கிடப்பில் போட்டது. ஆனால் லண்டனில் ரிக்பி என்கிற துப்பாக்கிக் கம்பெனி காத்திருக்கவில்லை. எதிரியின் தோட்டாவையே எடுத்து, 275 என்று இங்கிலீஷ் பேர் வைத்து, வேட்டைக்காரர்களுக்கு விற்றது. வியாபாரம் என்றால் அது!

ஆப்பிரிக்காவில் பெல் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் இந்தச் சின்னத் தோட்டாவை வைத்தே நூற்றுக்கணக்கில் யானைகளைச் சுட்டார். யானையின் மண்டையோட்டுக்குள் மூளை எங்கே இருக்கிறது என்று அறுத்துப் பார்த்துப் படித்தவர். உறை போட்ட தோட்டா, சரியான இடம், அவ்வளவுதான். அவரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டு மிதிபட்டவர்களும் உண்டு என்பார்கள்.

நம்ம நாட்டிலும் ஒரு 275 இருந்தது. 1907-ல், 436 பேரைக் கொன்றதாகக் கணக்குள்ள சம்பாவத் பெண்புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்தது. சுட்டது இதில் இல்லை, இன்னொரு பழைய கனத்த துப்பாக்கியில். கையில் எடுத்துப் போனதே மூன்று தோட்டா. மூன்றும் தீர்ந்து, கூட வந்த தாசில்தாரின் ஓட்டைத் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார் மனிதர். புலி செத்த பிறகு வாயைத் திறந்து பார்த்தார்கள். வலது பக்கக் கோரைப்பல் மேலே பாதி இல்லை. கீழே எலும்போடு இல்லை. எவனோ, என்றைக்கோ சுட்ட குண்டு.

அந்த எவனோ யாரென்று கடைசி வரை தெரியவில்லை. அரைகுறையாகப் பட்ட ஒரு குண்டு. அதற்கப்புறம் 436 பேர்.

*

1909 மார்ச்சில் ஒருவர் அமெரிக்க ஜனாதிபதி வேலையை விட்டு இறங்கினார். தியோடர் ரூஸ்வெல்ட். அதே மாசம் மகன் கெர்மிட்டோடு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஸ்மித்சோனியன் மியூசியத்துக்கு விலங்குகள் சேகரிப்பது என்று பேர். அப்பாவும் பிள்ளையும் சுட்டது மட்டும் 512. கணக்கை அவரே புத்தகத்தில் போட்டு வைத்தார்.

மனிதருக்குக் கிட்டப்பார்வை. ஒரு கண் கிட்டத்தட்ட இல்லை. ஜோடி ஜோடியாகக் கண்ணாடி எடுத்துப் போனார். நல்ல சுடுகாரர் என்று அவரே சொல்லிக்கொண்டதில்லை. அதனால் துப்பாக்கியை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார். சமவெளி மான்களுக்கு அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட். யானை, காண்டாமிருகத்துக்கு ஹாலண்ட் கம்பெனியின் கனமான ரெட்டைக்குழல், இங்கிலீஷ் நண்பர்கள் சேர்ந்து கொடுத்த பரிசு. நடுவில், சிங்கத்துக்கு, வின்செஸ்டர் 1895. தோட்டா 405.

இந்த நானூற்று ஐந்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தோட்டாவின் எடை 300 கிரெய்ன். நம்ம கணக்கில் பத்தொன்பது கிராமுக்குக் கொஞ்சம் மேல், ரெண்டரைப் பவுன் தங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் வினாடிக்கு 670 மீட்டர். விசையில் போயர் மவுசரைப் போல ஒன்றரை மடங்கு. லிவரை இழுத்து இழுத்து அடுத்தடுத்துச் சுடலாம். உதை பயங்கரம், அடிக்கட்டையில் எஃகுத் தகடு வேறு. ஆனால் பாருங்கள், இருநூறு மீட்டர் போவதற்குள் அரை மீட்டருக்கு மேல் கீழே விழுந்துவிடும். கூர்மூக்கு வைத்த 7 மில்லிமீட்டர் அதே தூரத்தில் ஒரு முழம்கூட விழாது. ஆக, புல்வெளிக்கு இது லாயக்கில்லை. கிட்டத்தில், புதரில், பாய்கிற ஜந்துவுக்குத்தான்.

1910 மார்ச் மத்தியில் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்கப் பயணத்தை முடித்து கார்ட்டூம் வந்து சேர்ந்தார். அதற்குச் சில நாள் முன்னால் ஹைதராபாத் பக்கம் பொலாரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. கென்னத் ஆண்டர்சன்.

பெங்களூர்க்காரர். தமிழும் கன்னடமும் பேசுவார். அவர் ஆயுசு பூராவும் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது எது? அதே வின்செஸ்டர் 1895. அதே 405.

ஆண்டர்சன் கதைகளைப் படித்தால் சேலம் ஜில்லா, சேலம் ஜில்லா என்று வந்துகொண்டே இருக்கும். ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் எல்லாம் அன்றைக்கு சேலம்தான். 1965-ல்தான் தர்மபுரி பிரிந்தது. 1997-ல் நாமக்கல். 2004-ல் கிருஷ்ணகிரி. இன்றைக்கு நாலு கலெக்டர் வைத்து ஆள்கிற காட்டை அவர் ஒரே ஜில்லாவாக நடந்து தீர்த்திருக்கிறார். 1954-ல் வந்த முதல் புத்தகத்தில் ஜவளகிரிப் புலியும் உண்டு, பென்னாகரம் பக்கத்துப் பனப்பட்டி ஒற்றை யானையும் உண்டு.

ஏன் 405? அந்தக் காட்டைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மூங்கிலும் உண்ணிச்செடியும் பின்னிக் கிடக்கும். இருபது முப்பது கெஜத்துக்கு மேல் எதுவும் தெரியாது. பரண்மேல் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் ரெண்டு கண்ணைப் பார்த்துச் சுட வேண்டும். தோட்டா எவ்வளவு விழும் என்கிற கவலையே அங்கே கிடையாது. பட்ட இடத்தில் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விடிந்ததும் ரத்தத்தடம் பார்த்துப் புதருக்குள் நுழைய வேண்டியவரும் அவர்தான்.

சரி, இது சேலத்துக் காடு. சேலத்துச் சமவெளிக்கு?

நம்மிடமும் சமவெளி மான் இருந்தது. வெளிமான். பேரிலேயே வெளி இருக்கிறது. முறுக்கின கொம்பு, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. ஒரு காலத்தில் தென்னாட்டு வறண்ட வெளிகளில் கூட்டம் கூட்டமாகத் திரிந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் கிண்டி, கோடியக்கரை, வல்லநாடு, மாயாறு என்று விரல் விட்டு எண்ணி முடித்துவிடலாம். சங்கடம் என்னவென்றால் டெக்ஸாஸில் ஏராளமாக இருக்கிறது. 1930-களில் கொண்டுபோய் விட்டார்கள், பெருகிவிட்டது. நம்ம வெளிமானைச் சுட எந்தத் தோட்டா உசத்தி என்று அங்கே ஒருவன் இன்றைக்கும் துப்பாக்கிக் கடையில் நின்று யோசித்துக்கொண்டிருப்பான்.

*

எருமப்பட்டிக்காரனுக்கு இந்த யோசனைக்கெல்லாம் எப்போதுமே வாய்ப்பு இருந்ததில்லை.

1878-ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். அப்புறம், ராணுவம் பயன்படுத்துகிற அளவில் தோட்டா வெளியே புழங்கக் கூடாது என்று ஒரு பயம். 450 அளவுத் துப்பாக்கிகளையே 1900-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குள் விடாமல் தடுத்தார்கள். கலகக்காரர்கள் தோட்டாவைக் கழற்றிப் பழைய மார்ட்டினி ஹென்றியில் போட்டுவிடுவார்களாம். லண்டன் கம்பெனிகள் 465, 470, 475 என்று புதுசு புதுசாக அளவு கண்டுபிடித்து அதே துப்பாக்கியை விற்றன. ஆப்பிரிக்காவில் இன்றைக்கும் பேர் போன 470, அப்படி நம்மைப் பார்த்துப் பயந்து பிறந்த குழந்தை!

சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதுச் சட்டம் வந்தது. பயம் மட்டும் பழசுதான். 303 பொதுஜனத்துக்குக் கிடையாது. பதிலுக்கு 315 என்று ஒன்றை இச்சாப்பூர் அரசாங்கத் தொழிற்சாலை செய்து கொடுத்தது. அதுவும் வசதியானவர்களுக்கு. கிராமத்தில் கிடைத்தது பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸும் பன்னிரண்டு போர் துப்பாக்கியும். அதுவும் இல்லாதவர்களிடம் மருந்து இடித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி. சைக்கிள் பால்ரஸ், ஆணித் துண்டு, எது கிடைத்ததோ அது உள்ளே போகும். அதிலிருந்து கிளம்புவதை எந்தப் புத்தகத்திலும் தோட்டா என்று சொல்ல மாட்டார்கள்.

1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. வேட்டைக்குப் படிப்படியாகக் கதவு சாத்தினார்கள். ஆனால் பன்றி சட்டம் படிப்பதில்லை. மரவள்ளியும் சோளமும் நிலக்கடலையும் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடுகிறது. சில இடங்களில் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். கடித்தால் வாயிலேயே வெடிக்கும். பன்றிக்கு வைத்தது யானைக் குட்டி வாயிலும் வெடித்திருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வருகிற பன்றியை வனத்துறை ஆட்கள் மட்டும் சுடலாம் என்று உத்தரவு போட்டது.

பேப்பரில் அதைப் படித்துக் காட்டியபோதுதான் சித்தப்பா தன் கதையைச் சொன்னார்.

1968 என்று ஞாபகம் என்றார். கல்யாணம் ஆகாத வயசு. மலையடிவாரத்துச் சோளக்காடு. நிலா வெளிச்சத்தில் பன்றி வருகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு போரில் ஏற்கெனவே எஸ்.ஜி. போட்டு வைத்திருந்தார். சின்னக் குண்டுகள், மானுக்கானது. பன்றிக்கு எல்.ஜி. வேண்டும். குண்டு பெரிசு, தடித்த தோலும் கொழுப்பும் தாண்டி உள்ளே போகும். இது அவருக்கு அன்றைக்கே தெரியும்.

‘‘சுட்டேன். விழுந்துச்சு. எந்திரிச்சுப் போயிருச்சு.’’

மூணாம் நாள் ஓடைப் பக்கம் காலையில் விறகு பொறுக்கப் போன ஒரு பொம்பளையை அது முட்டித் தள்ளியிருக்கிறது. தொடையைக் கிழித்துவிட்டது. கட்டிலில் போட்டு நாமக்கல் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்கப்புறம் அவள் நேராக நடந்து யாரும் பார்த்ததில்லை. ஊரில் எல்லோரும் பன்றியைத் திட்டினார்கள். சித்தப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

‘‘எல்.ஜி. இல்லியா அன்னைக்கு?’’ என்று கேட்டேன்.

‘‘இருந்துச்சே. ரெண்டு இருந்துச்சு, சாளைக்குள்ள, பொட்டியில.’’ வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். ‘‘எந்திரிச்சுப் போயி எடுக்கச் சோம்பல்பட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.’’